பொட்டு வைத்த வாள்

தொழிற்சாலைத் தரையில் நீளமாக வாழையிலை விரித்திருந்தது. அதன்மேல் அப்பாவின் ஸ்பானர்கள், இரண்டு சுத்தியல், ஓர் அரம், ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்திகள் நாலைந்து. எல்லாம் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்துப் படுத்திருந்தன. இலையின் ஓரத்தில், பொரி கடலைத் தட்டுக்குப் பக்கத்தில், என்னுடைய மூன்று வாள்கள்.

அவற்றின் நுனியிலும் பொட்டு.

என்னுடையவை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அவை பல்கலைக்கழகத்துச் சொத்து. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குள் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், அந்த வருடம் பெண்கள் பிரிவுக்குப் போட்டியே கிடையாது. அன்று நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பதாக இருந்தேன்.

“அப்பா, இத ஏன் இங்க கொண்டாந்து வச்சீங்க?”

“ஆயுதந்தானேம்மா? ஆயுத பூசைக்கு ஆயுதத்த வைக்காம வேற எத வைக்கிறது?”

அப்பா எங்கள் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் ஃபிட்டர். தெஹியோவிட்டைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். சிங்கள ஆட்கள் கைவேலைக்காரரைக் கூப்பிடுவதுபோல அவரை ‘பாஸ்’ என்பார்கள், நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் ‘ஃபிட்டரய்யா’. கையில் பிடித்து வேலை செய்கிற எதுவும் அவருக்கு ஆயுதம்தான். அன்று ஷீட் உருட்டும் மெஷினுக்கே வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தார். வாளுக்கு என்ன குறை என்று நினைத்திருப்பார்.

குனிந்து ஒன்றை எடுக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பூசையில வச்ச சாமான மறுபூசை முடியாம எடுக்கக் கூடாது.”

“நாலு மணி பஸ்ஸுக்குப் போகணும்ப்பா.”

“காலையில தோட்டத் தொர வந்து தேங்கா ஒடச்சு, சூடம் காட்டுனதும் தூக்கிக்கிட்டு ஓடு. யாரு வேணாங்குறா?”

என் வாழ்நாளில் அப்பா எனக்கு எதையும் மறுத்ததில்லை. அன்று மறுத்தார். நாலு மணி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கீழே வளைவில் திரும்புவதை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு பெண்கள், மூன்று வாள்கள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விடுதி அறையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த அறையில் நான் இருந்ததே குறைவு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. விரிவுரை முடிந்ததும் எங்கேயாவது நடக்க வேண்டும். அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

அப்படி நடந்தபோதுதான் உடற்பயிற்சி மண்டபத்துக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கம்பி வலை முகமூடி போட்ட இரண்டு பேர், கூரில்லாத மெல்லிய வாளால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஒரு நொடி நிற்கவில்லை. எனக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு என்று தோன்றியது.

நான் சேர்ந்த வாள்வீச்சுக் கழகத்தில் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று இரண்டு இருந்தன; எங்கள் பிரிவில் ஏழு பெண்கள், மூன்று வாள்கள். ஆண்களுக்கு வாரத்தில் நாலு மாலை. பெண்களுக்கு ஒன்று, அதுவும் பூப்பந்துக்காரர்கள் வலை கட்ட வரும்வரை. ஆண்களின் பழைய முகமூடிதான் எங்கள் புது முகமூடி. அதைப் போட்டால் யாரோ ஓர் அண்ணனின் தலையெண்ணெய் மணக்கும். பாதுகாப்புச் சட்டை மட்டும் எங்களுக்கென்று தைத்தது, முதுகில் கொக்கி வைத்தது. இன்னொருத்தி உதவியில்லாமல் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது.

பயிற்சி தந்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இரசாயனவியல் விரிவுரையாளர், நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுவோம். அதட்டத் தெரியாதவர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். வாள் நம்மேல் பட்டால், நடுவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பட்டவர் இடக்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். மின்சாரக் கருவியெல்லாம் அங்கே கிடையாது. நாலு மூலையில் நாலு மாணவர்கள் நின்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாதது பட்டவருக்குத் தெரியும் என்பார் சேர்.

அந்த வருடங்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. வாள் நுனியில் மாட்டும் ரப்பர்க் குமிழ் தீர்ந்துபோனது. இருந்ததை ஆண்கள் பிரிவு தங்கள் வாள்களில் மாட்டிக்கொண்டது. குமிழில்லாத வாளைத் தொடவே கூடாது என்று சேர் எங்கள் மூன்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஆண்கள் மட்டும் போகலாம் என்று பேச்சு வந்தது.

“எங்கட தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்?” என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. ஆண்கள் பிரிவில் ஒருத்தன், தோட்டத்துப் பிள்ளை மரத்திலிருந்தே குமிழ் கறந்துவிடும் என்றான். அவன் சொன்னதைத்தான் அப்படியே செய்தேன். தவணை விடுமுறைக்கு மூன்று வாள்களையும் பாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அப்பாவின் குமிழ்

அப்பா ஒரு வாளை வாங்கி வளைத்துப் பார்த்தார். நுனியை விரலால் அமுக்கினார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று பிற்பகலே ஒரு சிரட்டையில் ரப்பர் பால் கொண்டுவந்து, நுனியை முக்கி, புகைக்கூண்டில் உலரும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மறுநாள் இன்னொரு முக்கல். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் மூன்று வாள்களிலும் சுண்டைக்காய் அளவுக்குத் தேன் நிறத்தில் ஒரு குமிழ் வந்தது. தொட்டால் விரலில் லேசாக ஒட்டும்.

சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டினார்.

“எங்க, குத்து பாப்போம்.”

“வேணாம்ப்பா.”

“குத்துடீ. எனக்கு வலிக்கலன்னாத்தானே மத்தவுங்களுக்கு வலிக்காது.”

குத்தினேன். வாள் வில்லாக வளைந்தது. அப்பா குனிந்து நெஞ்சைத் தடவிப் பார்த்து, இன்னொரு தடவை முக்கலாம் என்றார்.

இதை எழுதும்போது கண் கலங்குகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

பட்டியல்

ஏன் அந்தப் போட்டிக்கு அப்படி அலைந்தேன் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் யாருடைய மனதும் நிலையாக இல்லை. பாதிப் பேரின் பெயர், இரண்டு அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற பட்டியலில். மீதிப் பேரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்த வாரம் எந்தக் காம்பரா அறையில் பெட்டி கட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்திருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை மாறிக்கொண்டே இருந்தார். அப்பாவின் இந்தியப் பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் வருடக்கணக்காகக் கிடந்தது. நான் எப்படியோ இந்த நாட்டின் பதிவுப் பிரஜையாகி, எப்படியோ பல்கலைக்கழகம் போய்விட்டேன். அங்கேயும் யாராவது ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் வாயில் பதில் தடுக்கும்.

பெண்கள் அணிக்கு மூன்று பேர். இரண்டு இடம் மூத்த மாணவிகளுக்கு என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது இடத்துக்குத்தான் அந்த மூன்று மணித் தெரிவுப் போட்டி. அதில் ஜெயித்தால் அறிவிப்புப் பலகையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், தட்டச்சு அடித்த பட்டியலில் என் பெயர் வரும். சிரிப்பதானால் சிரியுங்கள். எனக்கு அது சாப்பாடு தண்ணீரை விடப் பெரிதாக இருந்தது.

எதிரே நிற்கப்போவது ஃபரீதா. மாவனல்லையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள், என் அறைத்தோழி. இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் எங்களுக்குள் ‘நீங்க’தான். சண்டை பிடித்தால்கூட மரியாதையாகவே பிடிப்பாள். அவள் பேச்சில் ‘சொல்ல’ ‘செல்ல’ ஆகிவிடும், ‘இருக்க’ ‘ஈக்க’ ஆகிவிடும். போட்டிக்குத் தெரிவானால் மட்டும் தொடர்ந்து விளையாடலாம், இல்லாவிட்டால் போதும், படிப்பைப் பார் என்று அவள் வாப்பா சொல்லியிருந்தார். அவளுக்கும் அந்த இடம் வேண்டும். இதை நான் நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

துரை வரவில்லை

மறுநாள் காலை ஏழு மணிக்கே குளித்து, பெட்டியோடு தொழிற்சாலை வாசலில் நின்றேன். எட்டு மணிக்கு வருகிறேன் என்ற துரை எட்டரைக்கும் வரவில்லை. தேங்காய் தயார், சூடம் தயார், பூசாரி தயார். ஆட்கள் பொரிக்காகக் காத்திருந்தார்கள். நான் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்து நடந்து பாதை போட்டேன்.

“செத்த நேரம் குந்தேம்மா, பாக்குறவுங்களுக்குத் தல சுத்துது” என்றார் பூசாரி.

ஒன்பதரைக்கு ஜீப் சத்தம் கேட்டது. புதுத் துரை சிங்களவர், நல்ல மனிதர். ஒவ்வொரு மெஷினுக்கும் நின்று கும்பிட்டார். அவர் பக்தியைப் பார்த்து அன்று எரிச்சல் பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சூடம் அணைவதற்குள் மூன்று வாள்களையும் அள்ளிக்கொண்டேன். குங்குமத்தைத் தாவணி நுனியால் துடைக்கப் போனபோது அப்பா ஓடி வந்தார்.

“அழிச்சிறாத. மொத வேலைய பொட்டோடதான் செய்யணும். எந்த ஆயுதம்னாலும் அப்படித்தான். வேல முடிஞ்சப்புறம் தொடச்சிக்க.”

“அங்க சிரிப்பாங்கப்பா.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.”

தெஹியோவிட்டையில் வரக்காப்பொல பஸ்ஸைப் பிடித்தேன். கூட்டம். கொண்டக்டர், “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட” என்று எல்லோரையும் முன்னே தள்ளியவர், பாய்ச் சுருளைப் பார்த்து என்ன அது, திரைச்சீலைக் கம்பியா என்று சிங்களத்தில் கேட்டார். வாள் என்றேன். அதன்பிறகு என்னைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது.

வரக்காப்பொலவில் கண்டி பஸ்ஸுக்கு மாறினேன். மாவனல்லையில் ஃபரீதா ஏறினாள். நான் இந்த நேரத்துக்குள் வருவேன் என்று ஒரு மணித்தியாலமாக பஸ்களை விட்டு விட்டு நின்றிருக்கிறாள். கையில் இடியப்பப் பார்சல், இரண்டு பேருக்கு.

“நீங்க நேத்தே வருவீங்கண்டு பாத்தேன். எங்க, வாளக் காட்டுங்க.”

பாயை விரித்துக் காட்டினேன். அவள் நுனியைப் பார்த்தாள்.

“இது என்ன செவப்பு?”

சொன்னேன். மொத வேலை பொட்டோடு என்ற அப்பாவின் கட்டளையையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா ஒங்க வாள்ல மட்டும் தொடச்சிருவோம்” என்றேன்.

ஃபரீதா பாயை மறுபடி சுருட்டினாள்.

“வாணாம். ஒங்கட அப்பா ஒரு கெழமையா மெனக்கெட்டு செஞ்சி தந்தீக்கிறாரு. அவரு செல்லியபடியே ஈக்கட்டும்” என்றாள்.

பிறகு இரண்டு பேரும் இடியப்பம் சாப்பிட்டோம். சம்பல் நல்ல உறைப்பு.

மூன்று மணி

சேர் குமிழை அமுக்கிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், சிரித்தார். குங்குமத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார். இருக்கட்டும், பட்ட இடம் தெரியும், நடுவர்களுக்கு வேலை குறைவு என்றார். ஆண்கள் பிரிவிலிருந்து நாலு பேர் மூலைக்கொருவராக நின்றார்கள். மரத்திலிருந்து கறக்கச் சொன்னவனும் அதில் ஒருவன்.

முதலில் ஐந்து தடவை படவைப்பவருக்கு வெற்றி. சந்தனமும் பாதி காய்ந்த ரப்பரும் சேர்ந்து குங்குமத்தைப் பிடித்து வைத்திருந்தன. பட்ட இடத்திலெல்லாம் வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். போகப் போகப் புள்ளி வெளிறியது. நாலுக்கு நாலு என்று வந்து நின்றோம்.

அப்போது ஃபரீதா பாய்ந்தாள். அவள் பாய்ச்சல் அழகாக இருக்கும். நான் தட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வலது அக்குளுக்குக் கீழே, விலாவில், விரலால் அமுக்கியது போல ஓர் அழுத்தம்.

சேர் நிறுத்தினார். நாலு பேரையும் கேட்டார். இரண்டு பேர் தெரியவில்லை என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். சேர் கிட்டே வந்து என் சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தார். பழைய புள்ளிகள் நாலுதான் இருந்தன. பிறகு என் முகமூடியை நேராகப் பார்த்து, வழக்கம்போல ஒரே வார்த்தை கேட்டார். பட்டதா?

என் வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. இடக்கை தொங்கியபடியே இருந்தது. அதைத் தூக்க ஒரு நொடி போதும். எனக்குப் பலகையும் பட்டியலும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. இல்லை என்று தலையாட்டினேன்.

சேர் தொடரச் சொன்னார். அடுத்த பாய்ச்சல் என்னுடையது. ஃபரீதாவின் நெஞ்சுக்கு நடுவே பட்டது. நடுவர்கள் வாயைத் திறக்கும் முன்னே அவள் இடக்கை தோள் உயரத்துக்குப் போய்விட்டது.

உடைமாற்றும் அறையில் நான் திரும்பி நின்றேன். ஃபரீதா ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். சட்டையை உருவ நான் கையைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினேன். அவள் விரல்கள் நின்றுவிட்டன.

குனிந்து பார்த்தேன். வெளிறிய ஒரு பொட்டு. சின்னதுதான்.

“அஞ்சி” என்று எண்ணினாள் ஃபரீதா.

அவள் என் சட்டையைக் கழற்றி, அந்தப் பொட்டு உள்ளே போகும்படி மடித்து, என் கையில் தந்தாள்.

“நான் ஆருக்கும் செல்ல மாட்டேன். நீங்க கையத் தூக்குவீங்கண்டு பாத்துக்கொண்டே ஈந்தேன்.”

அதற்குப் பிறகு

மறுநாள் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவதாக என் பெயர். ஒரு எழுத்தும் தவறில்லாமல் அடித்திருந்தார்கள். கடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போலிருந்தது. சேரிடம் போய்ச் சொல்ல மூன்று தடவை இரசாயனக் கட்டடப் படியேறி, மூன்று தடவையும் இறங்கி வந்தேன். கோழை.

ஃபரீதா வாள்வீச்சை விட்டுவிட்டாள். வாப்பா சொன்ன சொல். அறையில் முன்போலவே பேசினாள், ஊரிலிருந்து பார்சல் வந்தால் முன்போலவே பாதி எடுத்து வைத்தாள். அதை விழுங்குவது எனக்குத்தான் பாடாக இருந்தது. பொட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளாக ஒரு கறை நின்றது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் நான் எத்தனை பேரிடம் தோற்றேன் என்பது இங்கே வேண்டாம்.

விடுமுறைக்குப் போனபோது அப்பா முதலில் கேட்டது, “பொட்டோடதானே வெளயாண்ட?”

“ஆமாப்பா.”

“அப்ப சரி” என்று திருப்தியாக ஸ்பானரை எடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவர் விண்ணப்பம் அந்த மேசையிலிருந்து எழுந்தது. அம்மாவோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கமாக இருக்க வேண்டும். ஆசிரியையாகிவிட்டிருந்தேன். கண்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மாவனல்லையில் நின்றது. ஒரு கடைப் படியில், வலது கையில் சாமான் பையும் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சின்ன மகளுமாக, ஃபரீதா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

இறங்கலாம் என்றால் கொண்டக்டர் மணியை இழுத்துவிட்டார். நான் இடக்கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்கு, உள்ளங்கை வெளியே தெரிய, அந்த மண்டபத்தில் தூக்கியிருக்க வேண்டிய மாதிரி.

ஃபரீதா சிரிக்கவில்லை. மகளின் பிடியைத் தளர்த்தி, இடக்கை விரலால் தன் வலது அக்குளுக்குக் கீழே, விலாவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அதே இடம்.

பஸ் நகர்ந்தது. கையை இறக்காமலே நான் தலையாட்டினேன்.